பிரேக் பிடித்தால் இடப்பக்கம்

வண்டி ஓடும்போது விழவில்லை. நின்ற பிறகுதான் விழுந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில், பஃப்ளோ ரோட்டில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே மாடியறை எடுத்துக் குடியிருந்தோம். மழை விட்ட ஒரு சாயங்காலம், கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்று நான் இறங்கியதும், என் கணவர் ஊன்றிய கால் ஈர வாழையிலையில் வழுக்கியது. நான் துள்ளி விலகினேன். வண்டி கொஞ்சமும் அவசரப்படாமல், மாடு படுப்பதுபோல இடப்பக்கம் சாய்ந்தது. ஹேண்டில்பாரின் நுனி தெருவோரச் சாக்கடையான லொங்காங்கின் சிமெண்டு விளிம்பில் மோதி, முன் சக்கரம் அதற்குள் தொங்கியது.

அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. எனக்கும் இல்லை. கடைக்காரர் ஓடிவந்து ஒரு கை பிடித்தார். வண்டியை நிமிர்த்தியதும் என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, டேங்கைத் துடைத்தார், விளக்கைத் துடைத்தார். "நல்ல வேளை, அடி ஒண்ணும் படல" என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். அப்போதுதான் நான் அங்கே நிற்பது அவருக்கு நினைவு வந்தது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்த வண்டி விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மலாயாவுக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜோகூரில், அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் ஓர் ஆலையில் ஃபிட்டர். விடிவதற்குள் கிளம்பி, புக்கிட் தீமா ரோடு, உட்லண்ட்ஸ், பாலம் என்று போய்ச் சேருவார். பாலத்தில் பாஸ்போர்ட் கேட்காத காலம். வழி நெடுக மரம் ஏற்றிய லோரிகள். அவரோடு வேலை பார்த்த ஒருவர் முந்தைய ஆண்டு அந்தச் சாலையில்தான் லோரிச் சக்கரத்துக்குள் போனார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில பசியாறாமக்கூடப் போனாரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் வயதுதான் இருக்கும். அன்றிலிருந்து எங்கள் வண்டி மூலை திரும்பும்வரை ஜன்னலில் நின்று சத்தம் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மறுநாள் காலை அவர் தானே வைத்தியம் பார்த்தார். ஹேண்டில்பார் நேராக இருந்தால் சக்கரம் வலப்பக்கம் பார்த்தது. சக்கரம் நேராக இருந்தால் ஹேண்டில்பார் கோணியது. இரண்டு போல்ட்டைத் தளர்த்தினார். வண்டிக்கு எதிரே நின்று முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கிடாக் கொம்பைத் திருகுவதுபோல ஹேண்டில்பாரை ஒரு திருகு திருகினார். பிறகு சிராங்கூன் ரோட்டுப் பூக்கடை அம்மாவிடம் கேட்டு வாங்கிய நூலைப் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம்வரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நூல் பொய் சொல்லாது. வண்டி நேரா இருக்கு" என்று போல்ட்டை முறுக்கினார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காத்தோங்கில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவருடைய அக்கா. வண்டி விழுந்த கதையைக் கேட்டதும், "கண்ணு பட்டிருக்குடா" என்று எழுந்து போய், விபூதியைக் குழைத்து வண்டியின் முன்விளக்கில் மூன்று கோடு இழுத்துவிட்டு வந்தார். என் கணவர் கைக்குட்டையை எடுத்து, அக்கா பார்க்கப் பார்க்கவே அதைத் துடைத்தார். அவர் சுயமரியாதைக் கூட்டம், மேடைப்பேச்சு என்று திரிந்தவர். எங்கள் கல்யாணமே ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, நாலு பேர் பேசி நடந்த கல்யாணம்.  கிளம்பும்போது நாத்தனார் அடுக்களைக்குள் என்னைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலம் விபூதியை என் கைப்பையில் திணித்தார். "அவன்கிட்ட சொல்லாத" என்றார். நான் ஏன் சொல்லப்போகிறேன்?

திரும்பும் வழியில், காலாங் தாண்டி, முன்னால் போன பஸ் நின்றது. இவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி இடப்பக்கம் இழுத்தது. கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை. என் இடுப்புக்குத் தெரிந்தது. பின்னால் உட்காருகிறவளுக்குச் சாலை தெரியாது, ஓட்டுகிறவர் முதுகுதான் தெரியும். அதனால் வண்டியின் ஒவ்வொரு அசைவும் உடம்பு வழியாகத்தான் வந்து சேரும். இந்த அசைவு எனக்குப் புதிது. அவருடைய வலது தோள் சட்டென்று இறுகுவதையும் பார்த்தேன். 

"என்னங்க, பிரேக் புடிச்சா இந்தப் பக்கம் போகுது."

"போகத்தான் செய்யும். ரெண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு உக்காந்தா வண்டி அந்தப் பக்கம் போகாம எந்தப் பக்கம் போகும்?"

எல்லாப் பெண்களையும்போல நானும் ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன். சேலை கட்டிக்கொண்டு வேறு எப்படி உட்காருவது? "விழுறதுக்கு முன்னாடியும் இப்படித்தானே உக்காந்தேன்? அப்ப போகலியே" என்றேன்.

"அப்ப நீ இவ்வளவு கனம் இல்ல லா" என்று சிரித்தார். வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கோபம் பாதி. மீதிப் பாதி, பேசினால் குரல் நடுங்கும் என்ற பயம்.

அதற்கப்புறம் எல்லா நாளும் ஒரே மாதிரிதான். விடியற்காலையில் வண்டிச் சத்தம் மூலையில் தேய்ந்து மறைந்ததும் என் மனது அதைத் துரத்திக்கொண்டு போகும். இப்போது புக்கிட் தீமா. இப்போது உட்லண்ட்ஸ். இப்போது முன்னால் ஒரு லோரி பிரேக் பிடிக்கும். சோறு அடிபிடிக்கும், தாளிப்பு கருகும். கீழே கடை வாசலில் யாராவது சைக்கிளை வேகமாக நிறுத்தினால், செய்தி சொல்ல வந்த ஆள் என்றே நினைத்து மாடிப்படிவரை ஓடுவேன். சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

அவரோ சட்டையைக் கழற்றியதும் தைலக் குப்பியைத் தேடினார். வலது தோளில் தேய்த்துவிடச் சொன்னார். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் ஆலையில் கனமான வேலை என்று விட்டுவிடலாம். நாள்தோறும் அதே தோள். தேய்த்துக்கொண்டே யோசித்தேன். இடப்பக்கம் இழுக்கும் வண்டியை நாளெல்லாம் வலக்கையால் பிடித்துவைத்தால் எந்தத் தோள் வலிக்கும்? நான் பின்னால் உட்காராத நாட்களிலும் வண்டி இழுக்கத்தான் செய்கிறது. அவர் அறியாமலே அவர் கை அதைச் சமாளிக்கிறது. சொன்னேன். "ஃபிட்டருக்கே மிஷின் பாடம் எடுக்கிறியா?" என்றார். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

கடைசியில், தவுக்கேயிடம் காட்டாவிட்டால் இனி வண்டியில் ஏறமாட்டேன், காத்தோங்குக்குப் பஸ்ஸில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அது வேலை செய்தது. நான் பஸ்ஸில் போய் இறங்கினால் அவர் அக்கா ஏன் எதற்கு என்று குடைந்தெடுத்துவிடுவார்.

தவுக்கே என்று நாங்கள் சொன்னது ரங்கூன் ரோட்டுப் பின்சந்தில் பட்டறை வைத்திருந்த சீனரை. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. பேச்செல்லாம் பசார் மலாயில், சந்தையில் எல்லாரும் பேசும் அரைகுறை மலாயில். ஞாயிற்றுக்கிழமை காலை. கடையை மூடிச் சாப்பிடப்போகும் அவசரத்தில் இருந்தார். இருந்தாலும் எஞ்சினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியை முட்டுக்கொடுத்து முன் சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கினார். சக்கரத்தைக் கவ்வியிருக்கும் இரண்டு இரும்புக் கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார், ஆட்டம் இல்லை. ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினார், எங்கும் தட்டவில்லை. சந்துக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "தாக் அப்பா லா!" என்றார். ஒன்றுமே இல்லையாம்.

பிறகு, உன் மனைவி எப்படி உட்காருவாள் என்று கேட்டார். என் கணவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, கால்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டு, முந்தானையைச் சரிசெய்வதுபோலவும் நடித்துக் காட்டினார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பதற்கு மட்டும் ஆண்களுக்குப் பொதுமொழி தேவைப்படுவதில்லை.

"அப்படின்னா நீங்க பின்னால உக்காந்து பாருங்க" என்று எனக்குத் தெரிந்த மலாயில் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் எண்ணெய்க் கைகளை விரித்துக் காட்டித் தலையை ஆட்டினார். மாட்டாராம். அப்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, முன் சக்கரத்தைப் பார்த்தது. ஒன்றுமே இல்லாத வண்டியில் ஏற இவருக்கு ஏன் பயம்?

"நான் ஆம்பள மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றேன்" என்றேன். "அப்பவும் இழுத்துச்சுன்னா வண்டியைப் பிரிச்சுப் பாக்கணும்."

என் கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சந்து முனையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. தேக்கா சந்தைக்கு வந்த சனம் முழுக்கத் தெருவில். "உனக்கென்ன பைத்தியமா? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு இது பரவாயில்ல" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் முகம் செத்துப்போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

துணி துவைக்கும்போது செருகுவதுபோலக் கொசுவத்தை வாரி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். கெண்டைக்கால் இரண்டும் வெளியே. வெட்கம் என்று ஒன்று வரவேண்டும் அல்லவா, வரவே இல்லை. அதற்கு இடமில்லாமல் உள்ளே பயம் நிறைந்திருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் திடல் ஓரமாக நீளமாய் ஒரு நேர்ப் பாதை உண்டு. அதில் வண்டியை விரட்டினார். தலையில் பூக்கூடையோடு எதிரே வந்த பூக்கடை அம்மா, எங்களுக்கு நூல் கொடுத்த அதே அம்மா, என்னைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தார். காற்று காதில் இரைந்தது. நான் சரியாக நடுவில், அம்மிக்கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"புடிக்கப்போறேன்" என்று கத்திவிட்டுப் பிரேக்கைப் பிடித்தார்.

வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. காலாங்கில் இழுத்ததுபோல அல்ல, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல. அவர் உடம்பு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்து மல்லுக்கட்டியது. புல், சரளை, லொங்காங் விளிம்பு எல்லாம் ஒன்றாக எங்களை நோக்கி வந்தன. முன் சக்கரம் விளிம்பை நக்கிக்கொண்டு நின்றது. அவர் கால் தரையைத் தேடி ஊன்றியது. எஞ்சின் அணைந்துவிட்டது.

"இப்ப நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன். அழுகிற குரலில் வந்தது. 

பட்டறைவரை இருவரும் தள்ளிக்கொண்டே போனோம். தவுக்கே சாப்பாட்டை மறந்து வேலையை ஆரம்பித்தார். சக்கரம் வந்தது, ஹேண்டில்பார் வந்தது, மேலே இருந்த பெரிய நட் வந்தது. கடைசியில் வண்டியின் கழுத்துக்குள் ஏறி நிற்கும் இரும்புத் தண்டு, அடியில் உள்ள கவ்வியோடு கீழே இறங்கியது. ஹேண்டில்பார் சொல்வதைச் சக்கரம் கேட்பது அந்தத் தண்டினால்தான். அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கறுப்புப் பெயிண்ட், வேறொன்றும் இல்லை. "பாகூஸ்" என்றார். நன்றாக இருக்கிறதாம். கால்களை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி மாட்டிவிடலாம் என்றார்.

என் கணவர் தண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது கவ்வியோடு சேரும் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அங்கே பெயிண்டுக்கு அடியில் லேசாக ஒரு மேடு. வண்டி எங்களிடம் வருவதற்கு முன் எவனிடமோ ஒரு முறை உடைந்து பற்றவைத்தது. உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து எடுத்தார். மறுபடியும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். எடுத்து, வேட்டி விளம்பரத்தில் வருவதுபோலச் சுத்தமாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசியும், மேலே வெள்ளைப் பொடி இருந்தால் காட்டிக்கொடுக்கும், ஆலையில் இப்படித்தான் பார்ப்போம் என்றார். தவுக்கேயிடம் சாக்குக்கட்டி கேட்டார். இல்லை. பவுடர் கேட்டார். அதுவும் இல்லை.

பிறகு என்னைப் பார்த்தார்.

"பைக்குள்ள அக்கா குடுத்த விபூதி இருக்குல்ல? எடு."

அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு நாளும் நெற்றியில் பூசாத விபூதியை அந்த இரும்பில் பட்டையாகத் தூவினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையாகவே இருந்தது. நான் மனசுக்குள், ஒண்ணும் வரக்கூடாது, ஒண்ணும் வரக்கூடாது என்று வேண்டினேன். இத்தனை நாள் எதையாவது கண்டுபிடிக்கச் சொல்லிச் சண்டைபோட்டவள் நான்தான். நான் சொன்னது தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நேரத்தில் ஏங்கினேன்.

ஒரு மயிரிழை கறுப்பாக வந்தது. விபூதியை நனைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீண்டது. எறும்பு ஊர்வதுபோலத் தண்டைச் சுற்றிக்கொண்டே போனது. அவர் தண்டை மெதுவாகத் திருப்பத் திருப்ப, கோடு முடியவே இல்லை.

தவுக்கே அதை வாங்கிப் பிடிக்கருவியில் இறுக்கிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பலமான அடிகூட இல்லை. தண்டு ஒடிந்து தரையில் உருண்டது. ஒடிந்த வாயைப் பார்த்தேன். முக்கால்வாசி பழைய துருவும் கறையுமாக இருந்தது. புதிதாக ஒடிந்து பளபளத்த இடம் என் சுண்டுவிரல் நகம் அளவுதான். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்த விரிசல் வாய் திறந்து சக்கரத்தை இடப்பக்கம் திருப்பியிருக்கிறது. நாள்தோறும் லோரிகளுக்கு நடுவே அவரைப் பாலம் தாண்டிக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தது அந்த நகம் அளவு இரும்பு. சற்று முன் எங்கள் இருவரையும் விளிம்பில் நிறுத்தியதும் அதுதான்.

என் கணவர் மரப்பெட்டியில் உட்கார்ந்தார். தவுக்கே ஒரு குவளையில் கோப்பி கொண்டுவந்து நீட்டினார். வாங்கிய கை நடுங்கி, கோப்பி அவர் முழங்காலில் கொட்டியது. சுட்டிருக்கும். அவர் அசையவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. கனத்தைப் பற்றி, நூலைப் பற்றி, தோளில் தேய்த்த தைலத்தைப் பற்றி. அந்தக் கையைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. குவளையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். செருகிய கொசுவத்தை அப்போதுதான் இறக்கிவிட்டேன்.

அதே மாதிரி வண்டியின் தண்டு ஒன்றைச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்தார். அதுவரை பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். தண்டை மாட்டுவதற்கு முன், நான் எடுத்துக் கொடுக்காமலே, என் பையைத் திறந்து மீதி விபூதியை எடுத்தார். அடியிலிருந்து நுனிவரை பூசி, நெடுநேரம் பார்த்தார். கோடு வரவில்லை.

முதல் சவாரி காத்தோங்குக்கு. நான் பழையபடி ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன். காலாங் பக்கம் அதே இடத்தில், முன்னால் பஸ் எதுவும் இல்லாமலே, பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். வண்டி கோடு போட்டதுபோல நேராக நின்றது. அவர் உடனே கிளம்பவில்லை. பாதி திரும்பி, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அப்படிக் கேட்டதில்லை. பயப்படாதே என்றுதான் சொல்லியிருக்கிறார். "இருக்கு" என்றேன்.

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குந்தான்" என்றார்.

இவ்வளவு நாளும் எங்கள் வீட்டின் பயம் முழுவதையும் நான் ஒருத்தியே சுமந்திருந்தேன். அன்று அதில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார். பின்னால் ஒரு லோரி வந்தது. அதை முன்னால் போகவிட்டுத்தான் கிளம்பினார். போய்ச் சேர நேரமாகிவிட்டது. நாத்தனார் வைத்திருந்த மீன்குழம்பு ஆறிப்போயிருந்தது.